தேயிலைச் சாயத்தில் முப்பத்திரண்டு பொம்மைகள்

பொம்மைகளை நான் நாலாவது தடவையாக அடுக்கத் தொடங்கியபோது கிரேஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"ராணி, அதுகள் ஓடிப் போகாதுகள். நீ கொஞ்ச நேரம் இரு."

எங்கே இருப்பது? எனக்கென்று அவள் விரித்து வைத்த மடக்குக் கதிரையில் காலையிலிருந்து என் கைப்பைதான் குந்தியிருந்தது. நான் மேசைக்கு முன்னால் போவதும் பின்னால் வருவதுமாக இருந்தேன். கூடாரத்தின் நாலு கால்களிலும் கட்டியிருந்த தண்ணீர்க் கலன்களைக் காலால் தள்ளிப் பார்த்தேன். ஆக்லாந்தில் வெயில் எறித்துக்கொண்டிருக்கும்போதே மழை தூறும், மழை விடுமுன் காற்று வரும். முன்பு ஒருமுறை இதே பூங்காவில் யாருடையதோ கூடாரம் எழும்பிப் பறந்து, கார் நிறுத்தும் இடத்தில் போய் விழுந்ததாம். கிரேஸ் அதைச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடையில் மேளங்களைத் தட்டிச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் கோழி வாட்டும் புகை. மறுபக்கம் தக்காளியும் மிளகாயும் போட்டு அவிக்கும் சோற்றின் வாசம். அடுத்த கூடாரத்தில் கதிரைகளை வரிசையாகப் போட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தலை பின்னினார்கள். பின்னுகிறவர்களும் கதை, பின்னப்படுகிறவர்களும் கதை. எனக்கு மட்டும்தான் அங்கே கதைக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது.

என் கவலை காற்றுமில்லை, மழையுமில்லை. கைப்பைக்குள் இருந்த போன்.

அன்று காலை மெல்பனிலிருந்து ஆரூரனின் அம்மா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். ஆரூரன், என் மகள் மயூரிக்குப் பார்த்திருந்த பெடியன். "பிள்ளை என்ன சொல்லுறா? வாற சனிக்கிழமை நாங்கள் பொம்பிளை பாக்க வாறதெண்டால் இண்டைக்கே டிக்கெட் போடவேணும். பின்னேரத்துக்கிடையில ஒரு முடிவு சொல்லுங்கோ."

மயூரி இரண்டு மணிக்கு விழாவுக்கு வருவாள். அவளிடம் ஒரு 'ஓம்' வாங்கி, மெல்பனுக்கு ஒரு 'வாங்கோ' அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அவர்கள் வந்தால் மயூரியை நேரில் பார்ப்பார்களே! அதை நினைக்கும்போதெல்லாம் பொம்மைகளைக் கலைத்துத் திரும்பவும் அடுக்கினேன். ஏன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முதல் நான் அந்த மேசைக்கு எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

மேசையில் பாதி

இந்தத் தொடரில் போன வாரம் மிளகாய்த்தூள் பை விமான நிலையத்தில் உடைந்த கதையை எழுதியிருந்தேன். வாசித்துச் சிரித்ததாகச் சிலர் சொன்னார்கள். இந்த வாரம் சிரிப்புக் கொஞ்சம் குறைவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டனி டவுன்ஸ் கடைத்தொகுதிக்குள் உடுப்புத் திருத்தும் கடை ஒன்றில் எனக்கு வேலை. கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, சிப் மாற்றுவது, கலியாண உடுப்பின் இடுப்பைப் பிடிப்பது. கிரேஸின் மிஷினும் என்னுடையதும் பக்கத்தில் பக்கத்தில். அவள் கானா நாட்டுக்காரி. பத்து வருஷத்துக்குக் கிட்ட இரண்டு பேரும் ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டு தைக்கிறோம். என் வீட்டுச் சண்டை அவளுக்குத் தெரியும். அவளுடைய வீட்டுக்கடன் எனக்குத் தெரியும். அவள் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் என் நினைவில் அவள் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள். அப்படியே எழுதிவிடுகிறேன், அவள் குறைநினைக்க மாட்டாள்.

கடையில் மிஞ்சும் துண்டுத் துணிகளை முதலாளி எங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். கிரேஸ் அவற்றோடு தன் ஊர்ப் பூத்துணிகளையும் சேர்த்துப் பையும் தலைக்கட்டும் தைப்பாள். நான் பொம்மை தைப்பேன். கோயில் நிதிக்காகத் தைக்கத் தொடங்கியது, பிறகு விடமுடியாமல் போய்விட்டது. பழைய சீலையில் பாவாடை, கறுப்புக் கம்பளி நூலில் இரட்டைப் பின்னல். தமிழ் வீடுகளில் பிறந்தநாள் வந்தால் என்னிடம்தான் கேட்பார்கள்.

"எங்கட விழாவில எனக்கு ஒரு மேசை கிடைச்சிருக்கு. பாதி உனக்கு. பொம்மையளைக் கொண்டு வா," என்றாள் கிரேஸ் ஒருநாள்.

அந்த விழாவின் அறிவித்தலைக் கடைக் கண்ணாடியில் ஒட்டியவளும் அவள்தான். கறுப்பினச் சமூகங்களின் பண்பாட்டு விழா என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கானா, சூடான், சிம்பாப்வே, ஜமேக்கா, பிரேசில் என்று ஆக்லாந்தில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து நடத்துவது. நான் வீட்டுக்குப் போய் இவரிடம், "ஆபிரிக்கா ஆக்களின்ரை விழா ஒண்டுக்குக் கடை போடப்போறன்," என்றேன்.

"ஜமேக்கா எப்பவப்பா ஆபிரிக்காவுக்குப் போனது?" என்று கேட்டார் இவர், அறிவித்தலின் படத்தைப் பார்த்துவிட்டு.

விழாவின் பெயரை உள்ளபடி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். அவர்களே பெரிய எழுத்தில் போட்டிருக்கும்போது எனக்கு ஏன் அந்தக் கூச்சம் என்று நான் அன்று யோசிக்கவில்லை.

சாயம் போட்ட கதை

பொம்மையின் உடம்புக்கு நான் வெள்ளைப் பருத்தித் துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து எடுப்பேன். பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, தேயிலையை அள்ளிப் போட்டு, உப்பும் கொஞ்சம் சேர்த்துத் துணியை அமிழ்த்த வேண்டும். கெதியாக எடுத்தால் சந்தன நிறம். இன்னும் விட்டால் பிஸ்கட் நிறம். இரவு முழுக்க விட்டால் நல்ல மண்ணிறம் வரும்.

விழாவுக்கென்று முப்பத்திரண்டு பொம்மை தைத்தேன். கிரேஸுக்குக் காட்டவில்லை, அன்றைக்குத் திடீரென்று எடுத்து வைத்து அவளை அசத்த வேண்டும் என்று ஆசை. சாயம் போடும்போது ஒரு யோசனை வந்தது. வாங்க வருகிறவர்களின் பிள்ளைகளைப்போல நல்ல கறுப்பாகச் செய்தால் என்ன? வந்த கையோடு அதை விரட்டிவிட்டேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டால்? மனம் நொந்துவிட்டால்? துணியைக் கோயிலுக்குச் செய்கிறதைவிடவும் கொஞ்சம் முந்தியே பானையிலிருந்து எடுத்தேன். சந்தனத்துக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் ஒரு நிறம். எங்கள் ஆட்கள் கலியாணக் குறிப்பில் எழுதுவார்களே, 'பொது நிறம்' என்று, அதுதான்.

முப்பத்திரண்டும் அந்த நிறம்.

அந்தப் படம்

கலியாணக் குறிப்பு என்றதும் படத்தின் கதைக்கு வந்துவிட்டேன். இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மயூரிக்கு இருபத்தாறு வயது. நகர மையத்தில் ஒரு வங்கியில் வேலை, பக்கத்திலேயே சிநேகிதிகளோடு ஃபிளாட்டில் இருக்கிறாள். இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் நன்றாக விளங்கும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். கோபம் வந்தால்தான் தமிழ் வரும். கெட்டிக்காரி, வடிவான பிள்ளை, நல்ல கறுப்பு.

பாருங்கள், கடைசிச் சொல்லை எழுதுவதற்கு எனக்குக் கை இப்போதும் ஒருமுறை தயங்கிவிட்டுத்தான் போகிறது.

அவளுக்கு முதலில் வந்த இரண்டு சம்பந்தங்களும் படத்தோடு நின்றுவிட்டன. "பிள்ளை நல்ல பிள்ளை, ஆனா..." என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு ஒன்றும் சொல்ல மாட்டார்கள். எனக்கு ஒன்றும் சொல்லத் தேவையுமில்லை. மூன்றாவதாக மெல்பனில் இருக்கும் என் மச்சாள் ஆரூரனைப் பற்றிச் சொன்னபோது, நான் லின்ஃபீல்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் படம் எடுக்கிற ஒரு தம்பியிடம் போனேன். சாமத்தியச் சடங்குகளுக்கெல்லாம் படம் எடுக்கிறவர் அவர்.

"தம்பி, இந்தப் படத்தில வெளிச்சம் காணாது போலக் கிடக்கு. கொஞ்சம் கூட்டிவிடும்."

கம்ப்யூட்டரில் எதையோ இழுத்தார். "காணுமோ அன்ரி?"

"இன்னும் கொஞ்சம்."

இழுத்தார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம், தம்பி."

மயூரி உடுத்திருந்த கிளிப்பச்சைச் சீலை வெளிறிப்போய்விட்டது. அதுமட்டும் வடிவில்லாமல் இருந்தது. "சீலையை மட்டும் பழைய நிறத்துக்கு ஆக்கும்," என்றேன். ஆக்கித் தந்தார்.

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்து வை என்கிறார்கள். நான் சொன்னது ஒன்றுதானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு படத்தை அனுப்பினேன். குறிப்பில் நிறத்துக்கு நேரே 'பொது நிறம்' என்று எழுதினேன். மெல்பனில் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. மயூரியிடம், "அவையளுக்கு உன்னைப் பிடிச்சிருக்காம்," என்றேன். "லெட் மி திங்க்," என்றாள். மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று வாரமும் நான் வீட்டில் ஒரு இடத்தில் இருந்து சோறு தின்னவில்லை.

"வேறு நிறம் இருக்கிறதா?"

விழா தொடங்கிச் சனம் வரத் தொடங்கியது. என் பொம்மைகளைக் கண்டு நிற்பார்கள், சிரிப்பார்கள், ஒன்றைத் தூக்கிப் பாவாடைக் கரையைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு மெதுவாகப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். கிரேஸின் பைகள் ஒன்றொன்றாகக் குறைந்தன. என் பக்கத்தில் இரண்டு போயின. இரண்டையும் வாங்கியது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி.

கிரேஸ் காலையில் பெட்டியைத் திறந்தபோதே ஒன்றும் சொல்லாமல் நின்றதை நான் கவனித்தேன். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன். ஆசை யாரை விட்டது!

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி மஞ்சள் தலைக்கட்டோடு ஒரு பெண் வந்தாள். கையில் நாலைந்து வயது மகள். மகளின் பெயர் நியா என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிள்ளைக்குத் தலைமயிரை இரண்டு பக்கமும் பஞ்சுருண்டைபோலக் கட்டியிருந்தது. நியா முப்பது பொம்மைகளையும் ஒரு விரலால் தொட்டுக்கொண்டு மேசையின் ஒரு தொங்கலிலிருந்து மற்றத் தொங்கல் வரைக்கும் போனாள். பிறகு திரும்பித் தாயைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியான வடிவு," என்றாள் தாய் என்னிடம். "வேறு நிறத்தில் இருக்கிறதா?"

அவள் எதைக் கேட்கிறாள் என்று எனக்கு விளங்கியது. விளங்காததுபோல ஊதாப் பாவாடை கட்டிய பொம்மையை எடுத்துக் காட்டினேன்.

"உடுப்பு இல்லை," என்றாள் அவள், கோபமே இல்லாமல். "இவளைப்போல ஒரு பிள்ளை இருக்கிறதா?"

நான் பொம்மையை மேசையில் திரும்ப வைத்தேன். நியா ஊதாப் பாவாடைக்காரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால்கூட எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை அழவில்லை. அவளுக்கு இது பழக்கமாக இருந்தது. கடை கடையாகப் பழகியிருக்கிறாள்.

"இருக்கும்," என்றாள் கிரேஸ் பக்கத்திலிருந்து. "ரண்டு மணிக்கு வாங்கோ. இவள் தைச்சு வைப்பாள்."

அவர்கள் ஓரடி போனதும் கிரேஸ் என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் எல்லாத்தையும் இப்பிடிச் செய்தனி?"

"கறுப்பாச் செய்தால் ஆருக்கும் மனம் நோகுமோ எண்டு..."

"ஆருக்கு?"

நான் ஒரு பொம்மையின் பாவாடைச் சுருக்கை நீவிவிட்டேன்.

"நீ மரியாதை எண்டு நினைச்சுத்தான் செய்திருப்பாய். எனக்குத் தெரியும். ஆனா காலமை பெட்டியைத் திறந்து பாக்கேக்க எனக்கு நொந்தது, ராணி. பத்து வருஷமா என்ரை முகத்தைப் பாக்கிறாய்."

இதைச் சொல்லிவிட்டுத் தன் பைகளுக்கு உள்துணி போடுகிற மண்ணிறப் பருத்தித் துணிச் சுருளை மேசைக்குக் கீழே இருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். நல்ல கறுத்த மண்ணிறம். கத்தரிக்கோலையும் வைத்தாள். அடுத்த கூடாரத்தடியில் தாயோடு நின்ற நியா அதைக் கண்டுவிட்டு ஓடி வந்து தன் கையைத் துணியின்மேல் வைத்துப் பார்த்தாள். திருப்தி. பிறகு என் கையைப் பிடித்து இழுத்துத் தன் கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

மூன்றும் ஒரே நிறம்.

இந்தத் தொடரை இத்தனை வாரமாக எழுதுகிறேன். என் பள்ளிக்கூடம், என் முதல் மிஷின், கப்பலில் வந்த கட்டில் எல்லாம் எழுதிவிட்டேன். நானும் கறுப்பு என்று ஒரு வரி எழுதவில்லை.

வெள்ளை நூல்

இரண்டு மணித்தியாலத்தில் ஒரு பொம்மை கையால் தைப்பது பெரிய காரியம். உள்ளே அடைக்கப் பஞ்சு இல்லை. ஊதாப் பாவாடைக்காரியின் முதுகைப் பிரித்து அவளுடைய பஞ்சை எடுத்தேன். பாவாடையையும் கழற்றினேன். வெட்டினேன், தைத்தேன், புரட்டினேன், அடைத்தேன். அவசரத்தில் ஒரு கை மற்றக் கையைவிட நீளமாகப் போய்விட்டது. நின்றுகொண்டே தைத்தேன். மேளம் வேறு முழங்கத் தொடங்கிவிட்டது, ஊசி அதன் தாளத்துக்கே போனது.

முகம் வந்தபோதுதான் சிக்கல். வழக்கமாகக் கறுப்பு நூலில் கண்ணைத் தைத்துவிடுவேன். இந்தத் துணியில் கறுப்பு நூல் தெரியவே இல்லை. முதலில் வெள்ளை நூலில் கண்ணை நிரப்பி, நடுவில் கறுப்பு மணியை வைக்க வேண்டியிருந்தது. புதிதாகப் பழகினேன். என் பொம்மைகள் எல்லாவற்றுக்கும் கண்ணூறு படாமல் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டுத் தைப்பது என் வழக்கம். அதையும் தைக்கப்போய்க் கை நின்றுவிட்டது.

மயூரி பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று வீடு நிறைய ஆட்கள். நான் அவளைக் குளிப்பாட்டிக் கன்னத்தில் பொட்டு வைத்துக்கொண்டு வந்தேன். இவருடைய சொந்தத்தில் ஒரு மாமி, "இவளுக்கு ஏன் பிள்ளை பொட்டு? வைச்சாலும் தெரியாதே!" என்றா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவவே, "கறுப்பே அழகு, காந்தலே ருசி," என்று ஒட்டுப் போட்டா. அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். காக்கைக்கு இருந்த அறிவு எனக்கு இல்லாமல் போயிற்று. இதை எழுதும்போது எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

பொட்டை விட்டுவிட்டு ஊசியை வைத்தேன். மெல்பன் படத்தின் கதையைக் கிரேஸுக்கு முதல்தடவையாகச் சொன்னேன். அவளுக்கு ஆரூரனைப் பற்றித் தெரியும், படத்தைப் பற்றித் தெரியாது. ஒரு பைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"அவளுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"முதல் அவளிட்டச் சொல்லு. மற்ற ஆக்களெல்லாம் பேந்து."

"இண்டைக்குச் சொன்னால் எல்லாம் குழம்பிப்போகும், கிரேஸ். அவள் ஓம் எண்டு சொல்லட்டும், பிறகு..."

"பிறகு எப்ப? அவையள் வாசலில வந்து நிக்கேக்கயோ?"

போன் கைப்பைக்குள் இரண்டு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

இரண்டு மணி

பஞ்சுருண்டைத் தலைக்குக் கம்பளி நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, "ஹாய் அம்மா," என்று ஒரு குரல். மயூரி. கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டிருந்தாள். கிரேஸை முதலில் கட்டிப்பிடித்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். வரிசையாக இருந்த இருபத்தொன்பதையும் பார்த்தாள், என் கையில் இருந்த ஒன்றையும் பார்த்தாள். நூலின் மறுதொங்கலைப் பிடித்துக்கொண்டாள்.

நியா வந்தாள். பொம்மையை வாங்கி முகத்தைப் பார்த்தாள், தலையைத் தொட்டாள், நீளமான கையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினாள். பிறகு யாருக்கும் ஒன்றும் சொல்லாமல், அதைக் கழுத்தோடு அணைத்துக்கொண்டு நடந்துவிட்டாள். தாய்தான் திரும்பித் திரும்பி நன்றி சொன்னாள்.

மயூரி ஒரு பொம்மையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வை ஆர் தே ஆல் த சேம், அம்மா?" என்றாள்.

"பயத்தில செய்தனான்," என்றேன். எப்படி அந்தச் சொல் வந்தது என்று தெரியாது. வந்தபிறகு மற்றதும் வந்துவிட்டது. "உன்ரை படத்தையும் அப்பிடித்தான் பிள்ளை செய்தனான். மெல்பனுக்கு அனுப்பினது. வெளுப்பாக்கித்தான் அனுப்பினனான்."

அவள் பொம்மையை மேசையில் வைத்தாள்.

"தெரியும்."

தமிழில் சொன்னாள்.

"மூண்டு கிழமையா நானும் அவரும் வீடியோவில கதைக்கிறம். மெல்பன் மாமியின்ரை மகளிட்ட நம்பர் வாங்கினனான். முதல் நாளே கேட்டார், அந்தப் படத்தில இருக்கிறது உங்கட தங்கச்சியோ எண்டு."

"நீ என்ன சொன்னனி?"

"எங்கட அம்மாவுக்குப் போன் சரியாப் பாவிக்கத் தெரியாது, கைபட்டு வெளிச்சம் கூடிப்போச்சு எண்டு சொன்னன்."

நான் அவளைப் பற்றிச் சொன்ன பொய்யை மறைக்க அவள் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது என்ன ஆனேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"பேந்து அவருக்கு உண்மையைச் சொன்னன். தன்ரை அம்மாவுக்குத் தான் சொல்லுறன் எண்டவர். நான் விடேல்லை. என்ரை அம்மா சொல்லுவா எண்டனான்." அவள் கறுப்புக் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிக் கண்ணில் போட்டாள். "மூண்டு கிழமை, அம்மா. ஒவ்வொரு நாளும் நீங்கள் கோல் எடுக்கேக்க இண்டைக்குச் சொல்லுவியள் எண்டு பாப்பன். சாப்பிட்டியோ எண்டு கேட்டிட்டு வைச்சிடுவியள்."

"உனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ?"

"பிடிச்சிருக்கு. ஆனா அந்தப் படத்தை வைச்சுக்கொண்டு நான் ஓம் சொல்ல மாட்டன்."

கிரேஸ் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஏற்கெனவே மடித்திருந்த தலைக்கட்டுகளை மறுபடியும் மடித்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் அவளுக்கு எல்லாம் விளங்கியிருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். ஆரூரனின் அம்மாவின் செய்திகள் நாலு கிடந்தன. கூடாரத்துக்குப் பின்னால் போனேன். மயூரியும் பின்னால் வந்து நின்றாள். அங்கே போயும் பலனில்லை, மேளம் அங்கேதான் இன்னும் பலமாகக் கேட்டது. பிறகு எடுப்போம் என்று வைத்தால் இனி எடுக்கவே மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அழைத்தேன்.

"அக்கா, மயூரியின்ரை அம்மா கதைக்கிறன்."

"என்ன சத்தம் அது? கோயிலில நிக்கிறியளோ?"

"இல்லை, இது வேற விழா. அக்கா, நான் அனுப்பின படத்தில இருக்கிற நிறம் பிள்ளையின்ரை நிறம் இல்லை."

"என்ன? ஒண்டும் கேக்கேல்லை."

"படத்தை நான் வெளுப்பாக்கினனான்! பிள்ளை கறுப்பு!"

"என்னது?"

"கறுப்பு, அக்கா! என்ரை மகள் கறுப்பு!"

என் ஆயுளில் அந்தச் சொல்லை அவளைப் பற்றி நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அதையும் கத்திச் சொன்னேன். சுற்றிலும் நடந்துபோன சனத்தில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்க வேண்டியவள் எனக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றாள்.

மேளச் சத்தத்துக்கு மற்றக் காதைக் கையால் பொத்தினேன்.

"விளங்குது, கத்தாதேங்கோ," என்றார் ஆரூரனின் அம்மா. குரல் மாறியிருந்தது. "நிறம் கிடக்கட்டும். படத்தை ஏன் மாத்தினனீங்கள்?"

எத்தனையோ பதில் இருந்தது. படம் எடுத்த தம்பியின்மேல் போடலாம். முதல் வந்த இரண்டு சம்பந்தங்களின்மேல் போடலாம். ஊர் உலகத்தின்மேல் போடலாம். எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

"வெக்கமா இருந்தது, அக்கா," என்றேன். "என்ரை பிள்ளையின்ரை நிறத்துக்கு நான் வெக்கப்பட்டனான். அவளில ஒரு பிழையும் இல்லை. பிழை என்னிலதான்."

அவர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் காத்து நிற்கையில், என் காதிலிருந்த போனை ஒரு கை எடுத்தது.

"அன்ரி, நான் மயூரி," என்றாள் என் மகள். தமிழில்தான். "ஓம், கறுப்புத்தான். நீங்கள் டிக்கெட்டைப் போடுங்கோ."

சிரித்துக்கொண்டு சொன்னாளா, அழுதுகொண்டு சொன்னாளா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.